பற்றரியும் அடுக்குமாடி வாழ்வும்: மின்னேற்றத்தின்போது நாம் கவனிக்க வேண்டியவை

(சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பாளர் கூட்டத்தில் மாநகரசபை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாநகரசபையின் அறிவித்தல்களைத் தமிழில் தருவது எனது பணி. நான் பொறியியலாளர் அல்லன்; தீயணைப்பு வீரனும் அல்லன். சட்டம் பயின்று, பின்னர் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். எந்த அறிவித்தலைத் தமிழாக்கும்போதும் இரண்டு கேள்விகளை எனக்குள் கேட்டுக்கொள்வது என் வழக்கம். இது யாருக்குச் சொல்லப்படுகிறது? சொல்லப்படுகிறவர் இதைச் செய்யக்கூடிய நிலையில் இருக்கிறாரா?

மின்சாரக் கார்களின் பற்றரி குறித்து வரும் அறிவுரைகளை வாசிக்கும்போது இரண்டாவது கேள்வி பெரிதாக எழுகிறது. அவற்றுட் பெரும்பாலானவை தனி வீடும் சொந்தக் கராஜும் உள்ளவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. "கராஜில் மின்னேற்றி ஒன்றைப் பொருத்துங்கள்", "வாகனத்தை வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்" என்று அவை கூறும். இருபத்திரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஒரே ஓர் இடத்தை மாத வாடகைக்குப் பெற்றிருக்கும் ஒருவர் இவற்றுள் எதைச் செய்ய முடியும்? ஆகவே அந்த அறிவுரைகளை நமது கட்டடங்களுக்கும் நமது சட்ட நிலைமைக்கும் ஏற்ப எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நமது அயலின் இரண்டு நினைவுகள்

ஷேர்பேர்ன், வெல்லெஸ்லி, பார்லிமென்ற் வீதிகளுக்கு இடையில், பெரும்பாலும் 1960களில் எழுப்பப்பட்ட உயர்மாடிக் கட்டடங்களில் நாம் வாழ்கிறோம். 1980களில் இந்நகருக்கு வந்த ஈழத்தமிழர் பலருக்கு முதல் முகவரி இதுவே. இங்கே நெருப்பு என்பது கதையன்று என்பதை நீண்ட காலம் இருப்பவர்கள் அறிவார்கள்.

2010 செப்ரெம்பர் 24ஆம் நாள், வெல்லெஸ்லி வீதி கிழக்கு 200ஆம் இலக்கக் கட்டடத்தின் 24ஆம் மாடியில் பெருந்தீ மூண்டது. எறியப்பட்ட சிகரெட் ஒன்று பலகணியில் விழுந்து பற்றியது என்பதே விசாரணையின் முடிவு. அந்த வீட்டினுள் குவிந்திருந்த கடதாசிகளும் பொருள்களும் தீக்கு இரையாகி, அதனை வளர்த்தன. ஒரு வீட்டில் மூண்ட தீயினால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் இருப்பிடங்களை விட்டு வெளியேற நேர்ந்தது.

2018 ஓகஸ்ற் 21ஆம் நாள், பார்லிமென்ற் வீதி 650ஆம் இலக்கக் கட்டடத்தில் மின்சாரத் தொகுதி பழுதடைந்து தீப்பற்றியது. ஏறத்தாழ 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுட் பெரும்பாலோர் 2020ஆம் ஆண்டு வரையில் தம் வீட்டுக்குத் திரும்ப இயலவில்லை. பாடசாலைப் புத்தகமும், மருந்தும், குடிவரவுப் பத்திரமும் வீட்டுக்குள் இருக்க, உறவினர் வீட்டிலும் விடுதியிலும் நாட்களைக் கழித்த குடும்பங்கள் பல.

இவ்விரண்டு தீகளும் பற்றரியால் வந்தவை அல்ல. ஆயினும் இன்றைய பொருளுக்கு அவை தரும் பாடங்கள் இரண்டு. ஒரு வீட்டின் கவனக்குறைவு முழுக் கட்டடத்தின் இடர் ஆகும் என்பது ஒன்று. பழைய கட்டடத்தின் மின்வயர்களுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது மற்றையது. மின்சாரக் கார் பற்றிப் பேசும்போது எல்லோரும் பற்றரியையே அஞ்சுகிறார்கள். நமது கட்டடங்களைப் பொறுத்தவரை, சுவருக்குள் இருக்கும் வயரையும் அதேயளவு கவனிக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

பற்றரி எவ்வாறு தீப்பற்றுகிறது?

மின்சாரக் காரிலும், மின்சாரச் சைக்கிளிலும், கைத்தொலைபேசியிலும் உள்ளவை லிதியம் அயன் பற்றரிகள். கைத்தொலைபேசியில் ஒரு சிறு கலம். சைக்கிளில் சில பத்துக் கலங்கள். காரில் நூற்றுக்கணக்கில், சில வகைகளில் ஆயிரக்கணக்கில் கலங்கள். ஒவ்வொரு கலத்தினுள்ளும் நேர்முனைக்கும் மறைமுனைக்கும் இடையில் மிக மெல்லிய தடுப்புத் தாள் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் எரியும் இயல்புடைய திரவம் நிறைந்துள்ளது.

அந்தத் தாள் கிழிந்தாலோ, உருகினாலோ, இரு முனைகளும் உள்ளே தொட்டுக்கொள்கின்றன. கலம் சூடேறுகிறது. அந்தச் சூடு உள்ளே வேதிவினையை விரைவுபடுத்த, வேதிவினை மேலும் சூட்டை உண்டாக்குகிறது. இவ்வாறு தானே தன்னை வளர்க்கும் வெப்பம் அடுத்த கலத்துக்கும், அதிலிருந்து அதற்கடுத்த கலத்துக்கும் பரவுகிறது. சுவாலை தோன்றுமுன்னரே நச்சுத்தன்மையும் எரியும் தன்மையும் கொண்ட வாயு வெண்புகை போல வெளியேறலாம். அணைந்துவிட்டது என்று எண்ணிய பின்னர், சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து மீண்டும் பற்றிக்கொள்வதும் உண்டு. இதனாற்றான் தீயணைப்புப் படையினர் பெருமளவு நீரைப் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். சமையலறையில் வைத்திருக்கும் சிறிய தீயணைப்பான் இத்தகைய தீயை நிறுத்தும் என்று நம்பக்கூடாது.

தாள் பழுதடைவதற்குக் காரணங்கள் சிலவே: தயாரிப்புக் குறை, பலமான அடி, நீர் புகுதல், அளவுக்கு மீறிய மின்னேற்றம், கடுங்குளிரில் மின்னேற்றம், பொருந்தாத மின்னேற்றி. முதலாவதைத் தவிர ஏனையவற்றுள் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

கார்களைப் பற்றிய அச்சமும் உண்மையும்

மின்சாரக் கார் என்றாலே தீப்பற்றும் என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. மின்சாரக் கார்கள் மிகுந்துள்ள நோர்வே, சுவீடன் போன்ற நாடுகளின் அனுபவம் வேறு விதமாக உள்ளது. வாகன எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பெற்றோல், டீசல் வாகனங்களைவிட மின்சாரக் கார்கள் குறைவாகவே தீப்பற்றுகின்றன. ஆனால் பற்றினால் அணைப்பது கடினம். நிலக்கீழ்த் தரிப்பிடமாயின் புகையும் சூடும் வெளியேற வழியின்றி இன்னும் கடினம்.

இதற்கு அண்மைய உதாரணம் தென்கொரியாவின் இஞ்சொன் நகரில் நிகழ்ந்தது. 2024 ஓகஸ்ற் 1ஆம் நாள், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிறுத்தியிருந்த மின்சாரக் கார் ஒன்று தீப்பற்றியது. அப்போது அது மின்னேற்றத்தில் இருக்கவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன. இன்னும் பல நூறு வாகனங்கள் புகையாலும் சூட்டாலும் சேதமடைந்தன. தீயை முற்றாக அணைக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் சென்றது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சில நாட்கள் மின்சாரமோ தண்ணீரோ இன்றி இருந்தன. உயிரிழப்பு ஏற்படவில்லை என்பது ஆறுதல்.

அந்நிகழ்வின் விசாரணையில் வெளிப்பட்ட ஒரு செய்தி நமக்கு முக்கியமானது. எச்சரிக்கை ஒலித்த வேளையில், பணியில் இருந்த ஊழியர் ஒருவர் தானியங்கி நீர்த்தெளிப்பான்களை நிறுத்திவிட்டார். நீர் தெளிக்கப்படவில்லை, தீ பரவியது. எனவே, "இக்கட்டடத்தில் மின்சாரக் கார்கள் எத்தனை?" என்று கேட்பதற்கு முன்னர், "தரிப்பிடத்தில் நீர்த்தெளிப்பான் இருக்கிறதா, அது கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது?" என்று நிருவாகத்திடம் கேட்பதே பயனுள்ள கேள்வி.

தயாரிப்புக் குறைக்கு உதாரணம் ஷெவர்லே போல்ற். 2021 ஓகஸ்ற் மாதம், அதுவரை விற்கப்பட்ட போல்ற் கார்கள் அனைத்தையும் திருத்தத்துக்காக அந்நிறுவனம் திருப்பி அழைத்தது. சில கலங்களில் முனை கிழிந்தும் தடுப்புத் தாள் மடிந்தும் இருந்தமையே காரணம். திருத்தம் செய்யும் வரை 90 சதவீதத்துக்கு மேல் மின்னேற்ற வேண்டாம், மின்னேற்றிய பின் வெளியில் நிறுத்துங்கள், இரவு முழுவதும் உள்ளே மின்னேற்றத்தில் விடாதீர்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பழைய காரை இரண்டாம் கையாக வாங்குவோருக்கு இத்தகைய அறிவித்தல் தபாலில் வராமல் போகலாம். அது முந்திய உரிமையாளரின் முகவரிக்குச் சென்றிருக்கும். காரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து, நிறைவேற்றப்படாத திருப்பியழைப்பு உண்டா என்று விற்பனை முகவரிடமோ தயாரிப்பு நிறுவனத்திடமோ கேட்டறியுங்கள்.

தரிப்பிடத்தில் மின்னேற்றும் முறை

நமது தரிப்பிடச் சுவர்களில் ஆங்காங்கே சாதாரண பிளக் பொயின்றுகள் உள்ளன. சுத்திகரிப்பு இயந்திரத்துக்காகவோ, குளிர்காலத்தில் எஞ்சினைச் சூடாக்குவதற்காகவோ அவை முன்னர் பொருத்தப்பட்டிருக்கலாம். அவற்றில் காரைச் செருகினால் என்ன என்று கேட்போர் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். அத்தகைய பொயின்ற் பொதுவாக 120 வோல்ற், 15 அம்பியர். பல மணி நேரம் இடைவிடாது ஓடும் மின்சுமையாயின், அதன் கொள்ளளவில் 80 சதவீதத்துக்குள், அதாவது 12 அம்பியருக்குள் நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு நெறி. அது ஏறத்தாழ 1.4 கிலோவாற். காருடன் வரும் மின்னேற்றி இந்த எல்லைக்குள் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கும். ஆயின், அதே வயரில் வேறு நான்கு பொயின்றுகளும் இணைந்திருந்தால்? இரண்டு கார்கள் ஒரே வயரில் இரவு முழுவதும் ஓடினால்? ஐம்பது ஆண்டுகளாகச் சுவருக்குள் இருக்கும் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தால்? கேத்தில் ஐந்து நிமிடம் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் இணைப்பு, அதே அளவைப் பத்து மணி நேரம் தாங்கும் என்று கொள்ள முடியாது. தளர்ந்த இணைப்பில் சூடு மெல்ல மெல்ல ஏறும். பிறேக்கர் அதனை எப்போதும் கண்டுபிடிப்பதில்லை.

எனவே சில நெறிகளைக் கூறுகிறேன்.

கட்டட நிருவாகத்தின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொதுப் பொயின்றில் காரைச் செருகாதீர்கள். எக்ஸ்ரென்ஷன் வயர், பல பொயின்றுகள் கொண்ட பலகை ஆகியவற்றின் ஊடாகக் காருக்கு மின்னேற்றாதீர்கள். அவை அத்தனை நேரத்துக்கு அத்தனை மின்சாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிளக்கைத் தொடும்போது கை பொறுக்காத சூடு இருந்தாலோ, பொயின்றின் நிறம் மாறியிருந்தாலோ, எரிந்த மணம் வந்தாலோ, மீண்டும் பயன்படுத்தாமல் நிருவாகத்துக்கு அறிவியுங்கள்.

208 அல்லது 240 வோல்ற்றில் இயங்கும் மின்னேற்றி பொருத்தப்படுமாயின், ஒன்ராறியோவில் அந்த வேலையைக் கூலிக்குச் செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருத்தல் வேண்டும். மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு வேலை குறித்து அறிவித்தல் கொடுக்கப்படவும் வேண்டும். "தெரிந்த பொடியன், மலிவாய்ச் செய்து தருவான்" என்பது இங்கே மலிவன்று. தீ விபத்துக்குப் பின்னர் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கக்கூடியது அந்தப் பத்திரத்தைத்தான்.

சட்டம் யாருக்கு என்ன தருகிறது?

கொண்டோ வீட்டின் உரிமையாளருக்கும் வாடகைக் குடியிருப்பாளருக்கும் சட்ட நிலைமை வேறு. 2018 மே 1 முதல் நடைமுறையில் உள்ள ஒன்ராறியோ ஒழுங்குவிதியின்படி, கொண்டோ உரிமையாளர் ஒருவர் தமது செலவில் மின்னேற்றி பொருத்த விண்ணப்பிக்கலாம். முறையாக நிரப்பப்பட்ட விண்ணப்பத்துக்குக் கொண்டோ நிருவாகம் 60 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பாதுகாப்புக்கோ கட்டடத்தின் அமைப்புக்கோ கேடு என்று தகுதியுள்ள வல்லுநரின் அறிக்கை இருந்தால் மறுக்கலாம். விருப்பமில்லை என்பதற்காக மட்டும் மறுக்க இயலாது.

வாடகைக்கு இருப்பவருக்கு இவ்வாறான தனி உரிமை தரப்படவில்லை. நம்மிற் பலர் வாடகைக்கே இருக்கிறோம். ஆகவே நமது வழி, கூடிக் கேட்பது. ஒருவர் தனித்துக் கேட்டால் அது சலுகைக்கான வேண்டுகோள். இருபது பேர் ஒப்பமிட்டு, "கட்டடத்தின் மின்கொள்ளளவை வல்லுநர் ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டு, தரிப்பிடத்தில் பாதுகாப்பான மின்னேற்று நிலையங்களை அமையுங்கள்" என்று கேட்டால், நிருவாகம் அதனைத் திட்டமாக எண்ணிப் பார்க்கும்.

வேறு சில உரிமைகளும் கடமைகளும் ஏற்கெனவே சட்டத்தில் உள்ளன. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம், கட்டடத்தை நல்ல நிலையிலும் பாதுகாப்பு நெறிகளுக்கு அமையவும் பேணும் கடமையை வீட்டு உரிமையாளர் மீது சுமத்துகிறது. அதே சட்டம், குடியிருப்பாளர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ ஏற்படுத்திய சேதத்துக்கு அவரையே பொறுப்பாக்குகிறது. புகை எச்சரிக்கைக் கருவியை இயங்கு நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. சமைக்கும்போது ஒலிக்கிறது என்று அதனைக் கழற்றி வைப்பது குடியிருப்பாளர் செய்யும் குற்றம். உரிமையைக் கேட்டமைக்காகப் பழிவாங்கி ஒருவரை வெளியேற்ற முயன்றால், அதற்கு எதிரான பாதுகாப்பும் சட்டத்தில் உண்டு. பழுதான பொயின்ற் பற்றி முறையிட அஞ்ச வேண்டியதில்லை. எழுத்தில் கொடுங்கள், திகதியிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையெனில் 311ஐ அழையுங்கள். மூன்று மாடிகளும் பத்து வீடுகளும் அவற்றுக்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்களை மாநகரசபையின் ரென்ற்சேஃப் ரீ.ஓ. என்னும் திட்டம் மேற்பார்வை செய்கிறது.

கார் பற்றரியைப் பேணுதல்

கார் பற்றரியின் பராமரிப்பு எளிது. அன்றாடப் பாவனைக்கு முழுமையாக ஏற்றாமல் 80 சதவீதம் அளவில் நிறுத்துவது பல வகைப் பற்றரிகளின் ஆயுளை நீட்டும். சில வகைகளுக்கு இடைக்கிடை முழுமையாக ஏற்றும்படி தயாரிப்பாளரே கூறுவார். உங்கள் காரின் கைநூலில் சொல்லியிருப்பதைப் பின்பற்றுங்கள்; அயலவரின் காருக்குப் பொருந்துவது உங்கள் காருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

குளிர்காலத்தில் பற்றரியின் தூரம் குறைவது பழுதன்று. கார் தன் பற்றரியைத் தானே சூடாக்கிய பின்னரே போதிய வேகத்தில் மின்னேற்றிக்கொள்ளும், பொறுமை வேண்டும். மின்னேற்றி வயரைப் பனிக்கட்டியிலிருந்து இழுத்துப் பிய்க்காதீர்கள். வாயில் உப்பும் நீரும் படிந்திருந்தால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். காரின் அடிப்பகுதி கல்லிலோ மேட்டிலோ பலமாக மோதியிருந்தால், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள்; பற்றரி இருப்பது அங்கேதான். வெள்ளத்தில் மூழ்கிய காரை மின்னேற்றவோ நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குள் கொண்டுவரவோ கூடாது. செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றைப் பயிற்சி பெறாத எவரும் தொடலாகாது. பழகிய மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராயினும், அந்தப் பயிற்சி அவருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் வரும் பற்றரி

கார் தரிப்பிடத்தில் நிற்கிறது. மின்சாரச் சைக்கிளின் பற்றரியோ கட்டிலுக்கு அருகில் இருக்கிறது. இந்த நகரத்தின் எண்ணிக்கை அதன் விளைவைச் சொல்கிறது. லிதியம் அயன் பற்றரிகளால் ரொறன்ரோவில் ஏற்பட்ட தீகள் 2022இல் 29, 2023இல் 55, 2024இல் 76. 2023 டிசெம்பர் 31ஆம் நாள் ஷெப்பேட்-யங் சுரங்க ரயில் நிலையத்தில் நின்ற ரயிலினுள் மின்சாரச் சைக்கிள் ஒன்று தீப்பற்றி, ஒருவர் காயமடைந்தார். அதன் பின்னர், நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையான குளிர்காலத்தில் இவ்வகைச் சைக்கிள்களையும் ஸ்கூட்டர்களையும் தனது வாகனங்களிலும் நிலையங்களிலும் கொண்டுசெல்வதை ரொறன்ரோ போக்குவரத்து ஆணைக்குழு தடைசெய்தது.

நம் தாய்த்தமிழ் மண்ணிலும் இத்துயரம் நிகழ்ந்திருக்கிறது. 2022 மார்ச் மாதம், வேலூரில் இரவு வீட்டில் மின்னேற்றத்துக்கு விடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. உள்ளே உறங்கிய தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தார்கள். வண்டி வாசலை ஒட்டி நின்றது. வெளியேறும் வழியில் தீ, உள்ளே புகை. நமது வீடுகளுக்கும் வாசல் ஒன்றே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஆகவே, வாசற்கதவுக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட வழியில் பற்றரியை மின்னேற்றாதீர்கள். பொது நடைபாதையிலும் படிக்கட்டிலும் சைக்கிளை நிறுத்துவது தீப்பாதுகாப்பு விதிக்கு முரணானது. உறங்கும்போதும் வெளியே செல்லும்போதும் மின்னேற்றத்தில் விடாதீர்கள். கட்டில், சோபா, துணி ஆகியவற்றின் மீது வைக்காதீர்கள். நிரம்பியதும் கழற்றிவிடுங்கள். வெளிக்குளிரிலிருந்து கொண்டுவந்த பற்றரியை உடனே செருகாமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். உறைகுளிரில் ஏற்றினால் கலத்தினுள் லிதியம் உலோகமாகப் படிந்து, அந்த மெல்லிய தாளுக்கு ஆபத்தாகும்.

இங்கே மொழிபெயர்ப்பாளனாக ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். "பொருந்தும் மின்னேற்றியையே பயன்படுத்துக" என்று அறிவித்தல்கள் கூறும். தமிழில் பொருந்தும் என்றதும், பிளக் உள்ளே போகிறது, ஆகவே பொருந்துகிறது என்று கொள்ள இடமுண்டு. அறிவித்தல் கருதுவது அதுவன்று. 36 வோல்ற் பற்றரிக்கு 48 வோல்ற் மின்னேற்றியின் முனையும் சில வேளைகளில் இறுக்கமாகச் செருகிக்கொள்ளும். உள்ளே போகும் மின்சாரமோ அந்தப் பற்றரி தாங்கக்கூடியது அல்ல. அந்தப் பற்றரிக்கென்று அதே தயாரிப்பாளர் தந்த அல்லது பெயர் குறித்து ஏற்றுக்கொண்ட மின்னேற்றி என்பதே அச்சொல்லின் பொருள்.

"சான்றளிக்கப்பட்ட" என்பதும் அவ்வாறே. விற்பவர் தரும் உறுதிமொழி சான்று ஆகாது. கனடாவில் ஏற்கப்பட்ட பரிசோதனை நிறுவனத்தின் முத்திரை, உதாரணமாக சி.எஸ்.ஏ., சி.யு.எல். போன்றவை, பற்றரியின் மீதும் மின்னேற்றியின் மீதும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய கலங்களைப் பிரித்துச் சேர்த்துக் கட்டிய பற்றரிகளை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வீங்கிய, கசிந்த, விழுந்து வெடித்த, வழமைக்கு மாறாகச் சூடாகும் பற்றரியை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்குங்கள். அதனைக் குப்பைக் குழாயில் போடுவது பெருந்தவறு. இருபது மாடி விழுந்து நசுங்கும் பற்றரி, குப்பை அறையிலேயே தீயை மூட்டலாம். நீலப் பெட்டியிலும் போடலாகாது. மாநகரசபையின் கழிவு ஒப்படைப்பு நிலையங்கள் பற்றி 311இல் கேட்டறியுங்கள்.

நம் கட்டடங்களில் வாழும் மாணவர்களும் புதிதாக வந்தோரும் பலர், உணவு விநியோகத்துக்காக நாள் முழுவதும் இந்தச் சைக்கிள்களை ஓட்டுகிறார்கள். பற்றரி அவர்களுடைய பிழைப்பு. "சைக்கிள் உள்ளே வரக்கூடாது" என்று ஓர் அறிவித்தலை மட்டும் ஒட்டினால், அவர்கள் பற்றரியைப் பையில் மறைத்து மேலே கொண்டுவந்து, எவருக்கும் தெரியாமல் இரவில் மின்னேற்றுவார்கள். மறைவாக நிகழும் மின்னேற்றமே நமக்கு மிகப் பெரிய ஆபத்து. அவர்களைப் பகைப்பதைவிட, மின்னேற்றுவதற்கு நீர்த்தெளிப்பானுடன் கூடிய தனி அறை ஒன்றைக் கட்டட நிருவாகத்திடம் அவர்களோடு சேர்ந்து கேட்பது அறிவுடைமை. அவர்களுள் தமிழ் அறிந்தவருக்கு இந்தக் கையேட்டைக் கொடுங்கள்.

தீ மூண்டால்

பற்றரியிலிருந்து சீறும் ஒலி, இனிப்பான அல்லது காரமான புதிய மணம், வெண்புகை ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அணைக்க முயலாதீர்கள். தூக்கி வெளியே எறியவும் முயலாதீர்கள். சில நொடிகளில் சுவாலை பாயக்கூடும். வீட்டில் உள்ள அனைவரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிடுங்கள். சாத்திய கதவு தீயையும் புகையையும் தாமதப்படுத்தும். திறந்த கதவு அவற்றை நடைபாதை முழுவதும் பரப்பும். நடைபாதையில் உள்ள தீ எச்சரிக்கை நெம்புகோலை இழுத்து, லிப்ற்றைத் தவிர்த்துப் படிக்கட்டால் இறங்குங்கள். பாதுகாப்பான இடத்திலிருந்து 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லித் தொடர்பில் நில்லுங்கள், உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். "லிதியம் பற்றரி" என்ற இரண்டு சொற்களையும் சொல்ல மறக்காதீர்கள். வருகின்ற படையினர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கும்.

தீ வேறு வீட்டில் மூண்டு, உங்கள் நடைபாதை புகையால் நிறைந்திருந்தால், புகைக்குள் செல்லாமல் வீட்டிலேயே இருந்து, கதவின் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, 911க்கு உங்கள் மாடியையும் வீட்டு இலக்கத்தையும் கூறுங்கள். ஒவ்வோர் உயர்மாடிக் கட்டடத்துக்கும் தீப்பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருத்தல் வேண்டும். அதில் குடியிருப்பாளர் செய்ய வேண்டியவை எழுதப்பட்டிருக்கும். நடக்க இயலாத முதியவரோ நோயாளியோ வீட்டில் இருந்தால், அவர் பற்றிய விவரத்தை முன்கூட்டியே நிருவாகத்திடம் பதிவுசெய்து வையுங்கள்.

அன்பர்களே, மின்சார வாகனங்கள் இன்னும் பெருகும். காற்றுக்கும் நம் பிள்ளைகளின் மூச்சுக்கும் அது நன்மையே. அவற்றை வேண்டாம் என்று சொல்வதற்காக இங்கு நான் வரவில்லை. கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் மூன்று செயல்களை மட்டும் செய்யுங்கள். உங்கள் புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி, அது ஒலிக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு பற்றரியும் எந்த மின்னேற்றியோடு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் மின்னேற்றப்படுகிறது என்று பாருங்கள். வாசல் வழி தடையின்றி இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக் காலை, உங்கள் மாடியில் உள்ள ஒருவரிடமாவது இவற்றைச் சொல்லுங்கள். அவர் தமிழராக இருக்க வேண்டியதில்லை.